பூ ஒன்று, தலை வேறு: பக்கம் மாறிய நாணயங்களைத் தேடுவது எப்படி?

சில்லறை கைக்கு வந்ததும் நாம் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறோம். எத்தனை ரூபாய் என்று தெரிந்தால் போதும், மறுபக்கத்தைத் திருப்புவதில்லை. பக்கம் மாறிய நாணயங்கள் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க இந்தப் பழக்கம் போதும். தேடுகிறவர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். எந்தக் காசானாலும் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும்.

ஒரு நாணயத்தின் தலை அச்சும் வேறொரு நாணயத்தின் பூ அச்சும் ஒரே இயந்திரத்தில் தவறுதலாகச் சேர்ந்து, அப்படியே அடிபட்டு வெளியே வந்துவிட்டால் அதைச் சேகரிப்பாளர்கள் ‘மியூல்’ என்பார்கள். இந்த அத்தியாயத்தில் நான் கலப்பு நாணயம் என்றே எழுதுகிறேன். நம் காசுகளில் சிங்கத் தலைகள் உள்ள பக்கத்தைத் தலை என்றும், மதிப்போ உருவப்படமோ உள்ள பக்கத்தைப் பூ என்றும் வைத்துக்கொள்வோம். பிழை நாணயங்களில் மற்ற வகைகளான மையம் விலகியவை, இரட்டை அடி விழுந்தவை, அச்சு உடைந்து கோடு விழுந்தவை எல்லாம் இயந்திரத்தின் கோளாறுகள். கலப்பு நாணயம் அப்படியல்ல. இயந்திரம் ஒழுங்காக ஓடியிருக்கும், தகடும் சரியாக இருக்கும், அடியும் அழுத்தமாக விழுந்திருக்கும். அச்சைப் பொருத்திய கைதான் மாற்றி எடுத்திருக்கிறது. ஆகவே காசு பார்வைக்கு அழகாகவே இருக்கும். கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதும் இதனால்தான்.

அச்சு எப்படி மாறுகிறது?

நாணயம் அடிக்கும் இயந்திரத்தில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டைச் சுற்றிக் காலர் என்ற வளையம். அடி விழும்போது உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் இந்த வளையம் பிடித்துக்கொள்கிறது. காசின் விட்டத்தைத் தீர்மானிப்பது வளையம்தான். அச்சுகள் தேயும், உடையும். அவற்றை அவ்வப்போது கழற்றிப் புதியவற்றை மாட்டுவார்கள். அப்படி மாட்டும்போது அளவு ஒத்துப்போகிற வேறொரு அச்சு கைக்கு வந்துவிட்டால் எந்தத் தடையும் இல்லாமல் பொருந்திவிடும். அளவு பொருந்தாத அச்சு பெரும்பாலும் வளையத்துக்குள் நுழையாது, அல்லது ஆட்டம் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மிகச் சுத்தமான எடுத்துக்காட்டு நியூசிலாந்தில் கிடைக்கிறது. அந்த நாடு 1967 ஜூலை 10 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. காசுகள் லண்டன் ராயல் மின்ட்டில் அடிக்கப்பட்டன. அதே நாணயச் சாலை பஹாமாஸ் தீவுகளுக்கும் காசு அடித்துக்கொண்டிருந்தது. நியூசிலாந்தின் 2 சென்ட்டும் பஹாமாஸின் 5 சென்ட்டும் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்று. இரண்டிலும் தலைப்பக்கத்தில் எலிசபெத் அரசி. ஒரு பொழுதில் அரசியின் அச்சு மாறிவிட்டது. பூப்பக்கத்தில் கோவாய் மலரும் 2 என்ற எண்ணும் இருக்க, தலைப்பக்கத்தில் பஹாமா தீவுகள் என்ற பெயரோடு ஏறத்தாழ 50,000 காசுகள் நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. அரசியின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. முகத்தைச் சுற்றியிருந்த எழுத்தைப் படித்தவர்கள்தான் பிடித்தார்கள்.

பிரிட்டனிலேயே 2008-இல் நடந்தது இன்னும் நுட்பமானது. மேத்யூ டென்ட் வரைந்த புதிய வரிசை வந்த ஆண்டு அது. பழைய 20 பென்ஸில் ஆண்டு பூப்பக்கத்தில் இருந்தது, புதியதில் அதைத் தலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய தலை அச்சும் புதிய பூ அச்சும் ஒன்றாகச் சேர்ந்தபோது ஆண்டே இல்லாத நாணயம் பிறந்தது. 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் புழக்கத்துக்கு வந்த முதல் ஆண்டில்லாக் காசு என்று அதைச் சொன்னார்கள். எண்ணிக்கை 50,000-க்கும் 2,00,000-க்கும் இடையே இருக்கலாம் என்பது மதிப்பீடு. இத்தனை இருந்தும் ஆட்கள் இன்றும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அந்த விலை நீங்கள் கற்பனை செய்கிற அளவுக்கு இல்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டையும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் 1 டாலர் 25 மில்லிமீட்டர், 10 சென்ட் 23.6 மில்லிமீட்டர். 2000-ஆம் ஆண்டு டாலர் அடிக்கும்போது தலைப்பக்கத்துக்கு 10 சென்ட் அச்சு போய்விட்டது. அச்சு சற்றே சிறியது என்பதால் உள்ளே நுழைந்துவிட்டது. ஆனால் ஓரத்தில் உலோகம் மிஞ்சி, அரசியின் முகத்தைச் சுற்றி இரண்டு விளிம்புகள் எழுந்தன. பெர்த் நகரத்து மக்கள் சில்லறையில் இவற்றைப் பொறுக்கியெடுத்தார்கள். இரட்டை விளிம்பு என்கிற அந்த ஒற்றை அடையாளத்தை வைத்தே இன்றும் உண்மையானதைப் பிரிக்கிறார்கள்.

இந்த மூன்றிலும் பொதுவாக உள்ளவை இரண்டு. விட்டம் ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ இருந்தது, இரண்டு அச்சுகளும் ஒரே காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்த இரண்டும் பொருந்தாத எந்தக் கலப்பையும் நம்பாதீர்கள். 1985 தலையும் 2016 பூவும் சேர்ந்த நாணயம் என்று ஒருவர் நீட்டினால் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்க வேண்டாம்.

நம் காசில் எங்கே பார்ப்பது?

இந்தியாவில் நாணயம் அடிப்பவை நான்கு சாலைகள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், 1988 முதல் நொய்டா. ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், சிறு வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. இது எல்லாச் சேகரிப்பாளருக்கும் தெரியும். கலப்பு நாணயம் தேடுகிறவருக்கு இதைவிட முக்கியமானது விட்டமும் எடையும். அவற்றைத்தான் பலர் கவனிப்பதில்லை.

2011-ஐப் பாருங்கள். அதற்கு முன் எஃகில் வந்த 1 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த புதிய 2 ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். முந்தைய எஃகு 50 காசு 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். புதிய 1 ரூபாயும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது அந்த ஆண்டு 1 ரூபாயும் 2 ரூபாயும் ஒரு படி இறங்கின. நேற்று 1 ரூபாயாக இருந்த தகடு இன்று 2 ரூபாய் ஆனது. கடைக்காரர்கள் வெகுநாள் குழம்பினார்கள். நமக்கோ இந்தக் குழப்பம்தான் வழிகாட்டி. ஒரே தகடு, ஒரே வளையம், இரண்டு மதிப்புகளின் அச்சுகள். கலப்பு நேர்வதற்கு வாய்ப்பான இடம் இப்படித்தான் அமையும். ஆகவே சில்லறை மூட்டை கிடைத்தால் நான் முதலில் ஒதுக்குவது 2011 ஆண்டிட்ட 1 ரூபாய்களையும் 2 ரூபாய்களையும்தான்.

அடுத்து 5 ரூபாய். பித்தளை நிறத்தில் 2009-இல் வரத் தொடங்கிய 5 ரூபாய் 23 மில்லிமீட்டர், 6 கிராமாக இருந்தது. அப்போதைய பொதுப் புழக்க வடிவமும் அதுதான், அதே காலத்து நினைவு நாணயங்களும் அதே அளவு. இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஒவ்வொரு நாணயத்திலும் நான்கு விஷயங்கள் இருந்தாக வேண்டும்: சிங்க முத்திரை, நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு. 2011-க்குப் பிந்தைய பொதுப் புழக்கக் காசில் தலைப்பக்கத்தில் முத்திரையும் நாட்டின் பெயரும் மட்டும் இருக்கும். மதிப்பும் ஆண்டும் பூப்பக்கத்தில். நினைவு நாணயத்தில் இது மாறுகிறது. சிங்கத்துக்குக் கீழேயே மதிப்பு வந்துவிடும், மறுபக்கத்தில் உருவமும் ஆண்டும். இப்போது இரண்டையும் மனத்துக்குள் கலந்து பாருங்கள். நினைவு நாணயத்தின் உருவப்பக்கத்தோடு பொதுக்காசின் சிங்கப்பக்கம் சேர்ந்தால் மதிப்பே இல்லாத நாணயம் கிடைக்கும். மறுதலையாகச் சேர்ந்தால் இரண்டு பக்கமும் 5 என்று இருக்கும். பிரிட்டனின் ஆண்டில்லாக் காசு பிறந்த கணக்கும் இதுவேதான்.

ஆகவே தேடும்போது வடிவத்தை ரசித்துக்கொண்டிருக்காமல் நான்கையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலோ ஒன்று இரண்டாக இருந்தாலோ அந்தக் காசைத் தனியே வையுங்கள். ஒரே மதிப்பில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு நினைவு நாணயங்களுக்குள் கலப்பு என்று யாராவது சொன்னால் வாதிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் சிங்கப்பக்கம் ஒன்றுபோலவே இருப்பதால், மாறியிருந்தாலும் தெரியப்போவதில்லை.

2009-க்கு முன்னும் பின்னும் நம் பக்கத்துக்குப் பிடித்தமான நினைவு நாணயங்கள் பல உண்டு. 1995-இல் தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர், தமிழில் கையெழுத்தோடு 2009-இல் வந்த பேரறிஞர் அண்ணா, அதே ஆண்டு வந்த புனித அல்போன்சா. தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கத்துச் சில்லறையிலும் இவை கலந்தே கிடக்கும். ஒவ்வொன்றிலும் நல்ல நிலையில் இரண்டு காசு ஒப்புநோக்க வைத்துக்கொள்ளுங்கள். சரியானது எப்படி இருக்கும் என்று கைக்கும் கண்ணுக்கும் பழகாதவரை தவறானது தெரியாது.

கலப்பு போலத் தோன்றி ஏமாற்றுபவை

கலப்பு என்று சொல்லிக் கொண்டுவரப்படும் காசுகளில் பெரும்பாலானவை கலப்பு அல்ல. முதலில் தற்செயலாக ஏமாற்றுபவற்றைப் பார்ப்போம்.

ஒரு பக்கம் சிங்கம் மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி இருந்தால் அது ப்ரோக்கேஜ். முன்பு அடிபட்ட காசு ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின் மேல் தானே அச்சாக வேலை செய்துவிட்டது. உண்மையான பிழை, வைத்துக்கொள்ளத் தகுந்தது. ஆனால் இது கலப்பு அல்ல. விரல் நுனியால் தடவினாலே மேடும் பள்ளமும் பிரிந்துவிடும்.

நம் காசுகளை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். இதுவும் பிழைதான், ஆனால் அரிது என்று சொல்ல முடியாது. பக்கங்கள் இரண்டும் ஒரே நாணயத்துக்கு உரியவை.

பழைய காசுகளில் வேறு ஒரு வகைக் குழப்பம் வரும். விக்டோரியா ராணியின் 1862 ரூபாய் அதே ஆண்டைச் சுமந்தபடி 1874 வரை அடிக்கப்பட்டது. தலைப்பக்கத்தில் ஏ, பி என்று இரண்டு வகை, பூப்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று இரண்டு வகை. இவை வெவ்வேறு விதமாகச் சேர்ந்து கிடைக்கின்றன. பூப்பக்கத்துப் புள்ளிகளும் மாறும். இவற்றை வகைகள் என்றுதான் பட்டியல்கள் எண்ணுகின்றன. பிழை என்று சொல்லி விற்பவர் பட்டியலைப் படிக்காதவராக இருக்க வேண்டும். 1985-இல் பர்மிங்ஹாமிலும் லான்ட்ரிசன்ட்டிலும், பிறகு ஒட்டாவா, மாஸ்கோ, பிரிட்டோரியா போன்ற இடங்களிலும் இந்தியாவுக்காகக் காசு அடித்தார்கள். சாலைக்குச் சாலை சிங்கத்தின் அளவும் எழுத்தின் கனமும் சற்று மாறும். அதுவும் பிழை ஆகாது.

10 ரூபாய்க்கு வருவோம். நடுவட்டமும் வெளிவளையமும் வெவ்வேறு உலோகம். நடுவட்டத்தில் உள்ள சிங்கம் சாய்ந்திருக்கிறது, வளையத்தின் எழுத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டு உலோகமும் வெற்றுத் தகடாக ஒன்று சேர்ந்த பிறகுதான் அச்சு விழுகிறது. ஒரே அடியில் நடுவும் வளையமும் பதிகின்றன. ஆகவே நடுவட்டம் மட்டும் திரும்பியிருக்கிறது என்றால் யாரோ தட்டிக் கழற்றி மறுபடி செருகியிருக்கிறார்கள். அதே 10 ரூபாயில் கோடுகள் 10 இருந்தால் நல்லது, 15 இருந்தால் கள்ளம் என்ற வதந்தியையும் விட்டுவிடுங்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது.

வேண்டுமென்றே ஏமாற்றுபவை இதைவிட மோசம். இரண்டு பக்கமும் தலை உள்ள காசு அவற்றில் முதல் இடம். ‘ஷோலே’ படத்தில் வந்ததே, அந்த மாதிரி. செய்முறை எளிது. ஒரு காசைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து, விளிம்பை மட்டும் விட்டு உள்ளே குடைந்து கிண்ணமாக்குவார்கள். இன்னொன்றின் விளிம்பைச் சீவி வட்டமாக்கி அந்தக் கிண்ணத்துக்குள் பதிப்பார்கள். மாயாஜாலம் காட்டுகிறவர்களுக்காக ஆரம்பித்த வேலை இது.

தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள வாளையாரில் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கும் சாலையை அறிந்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்ட பிறகு கோவைப் பக்கத்து ஆட்கள் கேரள லாட்டரிச் சீட்டுக்காக அங்கே இறங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த வரிசையில் ஒரு கடைக்காரர் ஒரு பித்தளை 5 ரூபாயை நீட்டினார். “ஏனுங்ண்ணா, இதுல ரெண்டு பக்கமும் சிங்கமா இருக்குதுங்களே, பல லட்சம் போகும்ங்கறாங்க, நெசங்களா?” என்றார். அவர் கண்ணில் இருந்த ஆவலைப் பார்த்தபோது சட்டென்று இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. பத்து மடங்கு கண்ணாடியை வைத்து விளிம்பின் உட்புறத்தைச் சாய்வெளிச்சத்தில் சுற்றிக் காட்டினேன். ஒரு பக்கத்தில் எதுவும் இல்லை. மறுபக்கத்தில் விளிம்பு முடிந்து தளம் தொடங்குகிற மூலையில் மயிரிழை அளவுக்கு ஒரு கருங்கோடு, முழு வட்டமாக, எங்கும் அறுபடாமல் ஓடியது. அந்தப் பக்கத்துச் சிங்கம் மறுபக்கத்தைவிடச் சற்றே தாழ்ந்து கிடந்தது. கடை மேசையில் அந்தக் காசையும் இன்னொரு 5 ரூபாயையும் மாற்றி மாற்றிப் போட்டோம். நல்ல காசு கணீரென்றது, இது செத்த ஒலியாக விழுந்தது. எடையில் கால் கிராமுக்கு மேல் குறைவு. “அப்ப யாரோ செஞ்சதுங்க” என்று அவரே சொல்லிவிட்டு, “இருக்கட்டுங்ண்ணா, பையனுக்கு வெளையாடக் குடுக்கறேன்” என்று பையில் போட்டுக்கொண்டார்.

காசைக் குடைவதும் சீவுவதும் விளையாட்டு அல்ல. நாணயத்தை உருக்கவோ அழிக்கவோ கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் சொல்கிறது, மீறினால் ஏழு ஆண்டு வரை சிறை. நீங்கள் வாங்கிய காசு செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகு அதை உண்மை என்று இன்னொருவருக்கு விற்காதீர்கள்.

கருவிகள்

நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற பத்து மடங்கு கண்ணாடி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் கையடக்கத் தராசு, வெர்னியர், சிறு காந்தம். இவ்வளவுதான் தேவை. காந்தம் எதற்கென்றால், எஃகுக் காசு ஒட்டும், செம்பு–நிக்கல் கலந்த பழைய 5 ரூபாயும் பித்தளை நிற 5 ரூபாயும் ஒட்டாது. ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை என்றால் தகடு மாறியிருக்கிறது, அல்லது காசே பொய். கனத்த பழைய 5 ரூபாயின் பக்கவாட்டில் ஒரு பள்ளக் கோடு ஓடும், ஒட்டுவேலை செய்தவர்கள் அதைச் சிதைக்காமல் விட்டிருப்பது அபூர்வம். அதையும் சுற்றிப் பாருங்கள்.

எல்லையில் தேடுவது

எல்லை ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு மாநிலத்துப் புழக்கமும் இங்கே கலக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நடத்துநர் பையில் விழுகிற சில்லறை இரண்டு ஊர் வங்கிகளிலிருந்தும் வந்தது. இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் இடையே இதே கலப்பு. கூடவே குமுளியில் சபரிமலைப் பருவத்தில் தென்மாநிலங்கள் அனைத்தின் சில்லறையும் வந்து இறங்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் 10 ரூபாய்க் காசை வாங்கத் தயங்கிய காலத்தில் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் தேங்கியது கேரளப் பக்கம் ஓடியதும் உண்டு.

சரக்கு வண்டிகள் வரிசைகட்டி நின்ற காலத்து வாளையார் இப்போது இல்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து வணிக வரிச் சாவடி போனது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் வந்து சில்லறையும் குறைந்தது. அலைபேசிப் பணம் டீக்கடை வரை வந்துவிட்டது. ஆகவே தெருவில் மட்டும் நம்பி நிற்காதீர்கள். வங்கிகள் அவ்வப்போது நடத்துகிற நாணய மேளாவில் மூட்டையாக வாங்கி, பார்த்துவிட்டுத் திரும்பச் செலவழிப்பதே இன்று நல்ல வழி. திறக்காத மூட்டைக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரே சாலையில் ஒரே சமயத்தில் அடித்தவை சேர்ந்தே இருக்கும். கலப்பு ஒன்று கிடைத்தால் அதன் கூட்டாளிகளும் அங்கேயே இருக்கக்கூடும். அப்போது மூட்டையின் பிடிச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சான்று அதுதான்.

பிரிக்கும்போது ஆண்டு பார்த்துப் பிரிக்க வேண்டாம், முதலில் விட்டம். பிறகு எல்லாவற்றையும் சிங்கம் மேலே இருக்கும்படி பரப்பி, மதிப்பு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு குவியலையும் திருப்பிப் போட்டால் முதல் குவியலில் மதிப்பு தெரியக் கூடாது, இரண்டாவதில் தெரியாமல் இருக்கக் கூடாது. இந்த ஒரு வரிசை பழகிவிட்டால் நூறு காசைப் பார்க்கச் சில நிமிடம் போதும். பரப்பாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்புகிறவர்கள் களைத்துப்போய்ப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மண்ணிலிருந்து கிடைப்பவை வேறு கதை. இந்தக் கணவாய் மேற்குக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த பழைய வணிகப் பாதை. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-இல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, பிறகும் கிடைத்தன. ரோமானிய வெள்ளியில் ஒரு பேரரசரின் தலையும் இன்னொருவரின் பூவும் சேர்ந்தவை உண்டு. பெரும்பாலும் அவை செம்புக் கருவின் மேல் வெள்ளி போர்த்திய அந்தக் காலத்துக் கள்ளக் காசுகள். அச்சுத் திருடர்களுக்கு எது கைக்கு வந்ததோ அதைச் சேர்த்து அடித்தார்கள். ஆகவே கணவாய்ப் பாதையில் பக்கம் மாறிய காசுக்கு ஈராயிரம் ஆண்டுப் பின்னணி இருக்கிறது என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏர் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ புதையலாகக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பழைய காசுகளைக் கண்ணாரப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகமும் நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையின் நாணயக்கூடமும் இருக்கின்றன.

விலையும் வலையும்

வைஷ்ணோதேவி உருவம் பதித்த 2012-ஆம் ஆண்டு 5 ரூபாய், 10 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவை அரிய காசுகளே அல்ல. முன்பணம், பதிவுக் கட்டணம், வரி என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைவதற்கான தூண்டில் அது. தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய நோட்டுக்கும் காசுக்கும் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம், அப்படி எந்த அமைப்புக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை விற்க நீங்கள் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடியுங்கள்.

உண்மையான கலப்புக்கு விலை எப்படி அமைகிறது? எத்தனை இருக்கின்றன, எவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது, சான்று எவ்வளவு உறுதி. இந்த மூன்றில் கடைசி ஒன்றில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வாஷிங்டன் தலையோடு சகாகவியா டாலரின் கழுகுப்பக்கம் சேர்ந்த காசு கிடைத்தபோது, முதலில் கண்டவர் உடனே நிபுணரிடம் கொண்டுபோனார், எங்கிருந்து வந்தது என்பதும் பதிவானது. அறியப்பட்டவை சுமார் இருபது மட்டும் என்பதோடு இந்தப் பதிவும் சேர்ந்துதான் அதன் விலையை உயர்த்தியது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் விற்பதற்கு அவசரப்படாமல் ஏலம் நடத்தும் நாணய நிறுவனத்திடமோ தரச்சான்று தருகிறவர்களிடமோ காட்டுங்கள். ஊர்ச் சேகரிப்பாளர் கூட்டத்தில் மூன்று நான்கு மூத்தவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். நால்வரில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் அவர் ஏன் சந்தேகப்படுகிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

வைத்துக்கொள்வது

தேய்க்காதீர்கள். புளியோ விபூதியோ பல்பொடியோ வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் அன்பாகக் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேய்த்த காசில் அச்சின் நுண்கோடுகள் அழிந்துபோகும். கலப்பா, செய்வேலையா என்று சொல்ல உதவுவது அந்தக் கோடுகள்தான். மெழுகுபோல் வளைகிற மலிவான நெகிழி உறைகள் நாளடைவில் காசின் மேல் பச்சையாகக் கசியும். அட்டைச் சட்டத்துக்குள் மைலார் தாள் வைத்த உறைகளே நல்லவை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நுழையும் மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் உறிஞ்சி நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். கிடைத்த ஊர், நாள், யாரிடமிருந்து எந்த வகையில் வந்தது, எடை, விட்டம், காந்தம் ஒட்டியதா, எந்தச் சாலைக் குறி, எந்தத் தலை எந்தப் பூவோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, பக்கவாட்டு விளிம்பையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். சீட்டைக் காசோடு ஒரே உறைக்குள் போட வேண்டாம். தாளும் மையும் காலப்போக்கில் உலோகத்தைக் கறைப்படுத்தும். அட்டைச் சட்டத்தின் மேல் ஓர் எண்ணை மட்டும் பென்சிலால் எழுதி, அதே எண்ணோடு சீட்டைத் தனிக் கோப்பில் வைத்தால் போதும்.